அந்தியூரில் குளம்பு பார்த்தோம்

ஆடி மாதத்தில் காவேரியின் புது வெள்ளத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பவானிக் கூடுதுறையில் ஒரு முழுக்குப் போட்டு, சங்கமேசுவரரைத் தரிசித்து ஊர் திரும்பிவிடுவது வழக்கம். நாமும் பல தடவை அப்படித்தான் திரும்பியிருக்கிறோம். சென்ற ஆடியில் மட்டும், கூடுதுறைப் படியில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, ஒரு நண்பரின் கையில் அகப்பட்டுக்கொண்டோம். அவர் மிருக வைத்தியர். அவரிடம் ஒரு சிறிய தோல் பை இருந்தது. அதற்குள் தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா ஒன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாகைமானி ஒன்று, இரும்பு அளவுகோல் ஒன்று.

"அந்தியூர்ச் சந்தைக்கு வாருங்கள், குளம்பு அளக்கப் போகிறேன்" என்றார்.

நிலம் அளப்பார்கள், நெல் அளப்பார்கள், ஆண்டவன் படி அளப்பதாகவும் சொல்வார்கள். குதிரையின் குளம்பை அளப்பாரும் உண்டோ என்று நாம் நகைத்தோம்.

"அளக்கிறவர்களும் உண்டு; அளக்காமல் கெட்டவர்களும் உண்டு" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினார். நாமும் பின்தொடர்ந்தோம்.

பவானியிலிருந்து அந்தியூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழியெல்லாம் கரும்பும் மஞ்சளும். ஊரை நெருங்க நெருங்க வெற்றிலைக் கொடிக்கால்கள். வடக்கே பர்கூர் மலை நீலமாக எழுந்து நிற்கிறது. ஊருக்கு வெளியே புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோவில். ஆடித் திருவிழாவின்போது அந்தக் கோவிலைச் சுற்றிய வெளிதான் தென்னாட்டின் பெரிய குதிரைச் சந்தையாக மாறிவிடுகிறது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினான் என்று ஊரார் பெருமையோடு சொல்லுகிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சந்தை நம் மூக்கையும் செவியையும் ஒருங்கே தாக்கியது. ஒரு புறம் காங்கயம் காளைகள். இன்னொரு புறம் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுக்கள் சிதறிய பர்கூர் மலை மாடுகள். சாட்டை விற்கிறவர்கள், சலங்கை விற்கிறவர்கள், மூக்கணாங் கயிறு விற்கிறவர்கள். இவர்களையெல்லாம் தாண்டிப் போனால் குதிரைகள். இரண்டு காதுகளின் நுனிகளும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகின்ற கத்தியவார் குதிரைகளும் மார்வார் குதிரைகளும் தங்கள் தேசத்துக் கர்வத்தோடு நின்றன. ரோஜா நிறத் தோலும் பால் நிற ரோமமும் கொண்ட வெள்ளைக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். கல்யாண ஊர்வலத்துக்கு அவற்றுக்குத்தான் கிராக்கி. மேளம் அடித்ததும் ஒரு குதிரை முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி நாட்டியம் ஆடியது, பிள்ளைகள் கைகொட்டினார்கள்.

வாங்க வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கவனித்தோம். முதலில் நிறம், பிறகு பல், அதன் பிறகு நீண்ட நேரம் சுழி. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், முதுகில் சேணம் விழும் இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்க்கிறார்கள். சுழி சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் தரகர் துண்டை விரிப்பார். அதன் கீழே விரல்கள் விலை பேசும். நாம் அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் ஒருவராவது குனிந்து குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"பார்த்தீர்களா? மாளிகையின் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணுகிறார்கள், அஸ்திவாரத்தைப் பார்ப்பாரில்லை" என்றார் நண்பர்.

சந்தையின் ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் லாடம் கட்டும் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் 'பாய்' என்றே அழைத்தார்கள். எதிரே சாக்கின்மேல் சுத்தி, குறடு, வளைந்த கத்தி, முழ நீள அரம், ஆணிகள், பல அளவில் லாடங்கள். மாட்டுக்கு லாடம் கட்டுவதானால் அதைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்துக் கால்களைப் பிணைக்க வேண்டும். பிளந்த குளம்பாதலால் காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கோ அது நின்றபடியே நடக்க வேண்டும். ஆகையால் லாடக்காரருக்கு முதல் கல்வி, குதிரையின் சம்மதத்தைப் பெறுவதுதான். பாய் ஒரு குதிரையின் தோளிலிருந்து கையை மெல்லக் கீழே தடவிக்கொண்டு வந்தார். கணுவுக்கு வந்ததும் அது தானாகவே காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தது.

அவர் அளந்த விதத்தைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட்டோம். ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பிலிருந்து முன் நுனி வரையில் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தார். ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. "நாலு விரக்கடை இருக்கணுங்க. இது அஞ்சு ஆயிப்போச்சு" என்று சொல்லி அரத்தை எடுத்தார். நண்பர் பேசாமல் தம் அளவுகோலைப் பெரியவரின் நான்கு விரல்களின்மேல் வைத்தார். சரியாக 3 அங்குலம். நம் நாட்டுக் குதிரைகளைப் போன்ற நடுத்தர உடம்புக்கு முன்குளம்பின் நீளம் 3 அங்குலம் இருக்க வேண்டும் என்பதுதான் நவீன வைத்திய நூல்களின் கணக்கும்! பருத்த அந்நியக் குதிரைகளுக்கு அது மூன்றரை அங்குலம் வரை போகும்.

பிறகு நண்பர் தம் வித்தையைக் காட்டினார். குளம்பின் முன்சுவர் தரையோடு செய்யும் கோணத்தைப் பாகைமானியால் அளந்தார்: 48 பாகை. பாய் மிஞ்சிய நுனியை அராவித் தள்ளிய பிறகு மறுபடி அளந்தார்: 52. முன்கால்களுக்கு 50 முதல் 55 வரை இருக்கலாமாம். பழைய ஐரோப்பிய நூல்கள் சில 45 என்று எழுதி வைத்ததனால் எத்தனையோ குதிரைகள் அவதிப்பட்டிருக்க வேண்டும் என்பது நண்பரின் அபிப்பிராயம். ஆனால் எண்ணைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கணுவுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் எலும்பின் சாய்வும் குளம்பின் சாய்வும் முறியாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். நுனி நீண்டு குதிகால் தாழ்ந்தால் அந்தக் கோடு முறிகிறது. பாதம் மண்ணைவிட்டு எழுவதற்குத் தாமதமாகிறது; பின்னங்கண்டத்திலிருந்து இறங்கிக் குளம்புக்குள் நுழையும் நரம்புக் கயிறு அத்தனை நேரமும் இழுபடுகிறது. அந்தக் கயிற்றுக்கு அடியில் ஓடம் போன்ற ஒரு சின்னஞ்சிறு எலும்பு இருக்கிறது. குதிரை நொண்டத் தொடங்கும் இடங்களில் அது முக்கியமானது.

அடுத்து, நாடாவால் குளம்பைச் சுற்றி அளந்தார். சுற்றளவு 35 சென்டிமீட்டர். விட்டம் ஏறக்குறைய 11. கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு வழி சொல்லியிருக்கிறதே, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும் என்று, அதன்படி போட்டுப் பார்த்தோம். 96 சதுர சென்டிமீட்டர். அந்தியூர் வெற்றிலை ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குதிரையின் எடை 360 கிலோ இருக்கும் என்று நண்பர் மதிப்பிட்டார். நான்கு வெற்றிலைகளின்மேல் அவ்வளவு பாரமும் நிற்கிறது. அதிலும் பத்தில் ஆறு பங்கு முன் இரண்டு வெற்றிலைகளின்மேல். நாற்கால் பாய்ச்சலில் ஓடும்போதோ, ஒரு கண நேரத்துக்கு ஒற்றைக் காலின்மேல் உடம்பின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேகம் விழுகிறது. இதைக் கேட்ட பிறகு நாட்டியக் குதிரையைப் பார்த்தபோது நமக்குக் கைகொட்டத் தோன்றவில்லை.

குளம்பு என்பது கல் அல்ல, நகம். மாதத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வளருகிறது. வாழும் மண்ணுக்குத் தக்கபடி வடிவம் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் காட்டுக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், கல்லும் கட்டாந்தரையுமான பாலைவனத்தில் திரிகின்றவற்றின் குளம்பு குட்டையாக, விளிம்பு மழுங்கி இருப்பதையும், மெத்தென்ற மண்ணில் வாழ்கின்றவற்றின் குளம்பு நீண்டு அகன்றிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். மனிதன் அடிக்கும் லாடமும் வடிவத்தை மாற்றுகிறது. பிரேசி கிளார்க் என்ற ஆங்கில மிருக வைத்தியர், ஓர் இளம் பெட்டைக் குதிரையின் குளம்பை ஆண்டுதோறும் சுண்ணத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, வட்டமாயிருந்தது லாடத்தின் பிடியில் வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கிப்போனதை 1809-இல் உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். பாயிடம் இதைச் சொன்னோம். "லாடம் செருப்பு மாதிரிங்க. வளர்ற புள்ளைக்கு ஒரே செருப்பைப் பத்து வருஷம் போட்டா?" என்று கேட்டார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் லாடமே அடிக்க வேண்டாம் என்பது அவருடைய கட்சி.

நண்பகலில் இளநீர் குடித்துவிட்டு மர நிழலில் சாய்ந்தபோது, 'அளக்காமல் கெட்டவர்கள்' யார் என்று நண்பரைக் கேட்டோம்.

"பாண்டியர்கள்" என்றார் அவர்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கும் செய்தி அது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இன்று சிற்றூராக இருக்கும் பழைய காயல் அந்நாளில் பெரிய துறைமுகம். ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. அரசன் ஒருவனே ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குவான். அவன் சகோதரர்களும் அவ்வாறே. ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட உயிரோடு இருப்பதில்லை! காரணம், அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் லாடக்காரர்களும் இந்நாட்டில் இல்லாமை என்கிறார் போலோ. அதற்கு மேலே ஒன்று சொல்கிறார்: குதிரை விற்கும் வியாபாரிகள் லாடக்காரர்களைத் தங்களோடு அழைத்து வருவதும் இல்லை, தாமாகப் போகிறவர்களை விடுவதும் இல்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே மறு வருஷம் வியாபாரம்! வஸ்ஸாப் என்ற பாரசீக சரித்திரக்காரர் விலையையும் குறித்திருக்கிறார்: குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் பொக்கிஷமே பணம் கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை.

அந்நியர் எழுதியதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டும் என்பதில்லை. வெப்பமும் தீவனமும் நோயும் எத்தனையோ குதிரைகளைக் கொன்றிருக்கும். சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் பாரத நாட்டில் பிறந்ததுதான். குதிரை லட்சணம் தெரியாத தேசம் அல்ல இது. ஆனால் ஏட்டில் இருந்த சாஸ்திரம் லாயத்துக்குள் நுழைந்ததா என்பதுதான் கேள்வி. முத்துக் குளித்து வந்த பொன் எல்லாம், நான்கு விரற்கடை அளக்கத் தெரிந்த ஒரு கை இல்லாமையால் கடலைக் கடந்து போயிற்று என்று நினைக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த கதையிலும், பாண்டியன் லட்சணங்களைக் கண்டு மகிழ்ந்து கயிறு மாற்றி வாங்கிக்கொண்டான். யாராவது ஒருவர் காலைத் தூக்கிப் பார்த்திருந்தால் திருவிளையாடல் அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும் அல்லவா?

இந்த ஹாஸ்யத்தை நாம் சொல்லி முடிப்பதற்குள், கோபிப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் மகனோடு வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை. அதைப் பிடித்துக்கொண்டு விற்பவர். அவருக்குப் பின்னால் தரகர். விலை படிந்துவிட்டது, லாடம் பூட்டிக் கொண்டு போவதுதான் பாக்கி. மஞ்சள் விற்ற பணம் முழுவதையும் தகப்பனார் மடியில் கட்டியிருந்தார். மகனுக்குக் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஆசை. "சுழி எல்லாம் ராஜ சுழிங்க" என்று தரகர் நம்மிடமும் ஒரு முறை சொன்னார்.

பாய் வழக்கம்போல் காலை மடியில் வாங்கினார். வாங்கியவர் அரத்தை எடுக்கவில்லை. குளம்பின் சுவர்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழாக இரண்டு முறை ஓட்டினார். நிமிர்ந்து நண்பரைப் பார்த்தார். நண்பர் இரும்பு அளவுகோலை முன்சுவரின்மேல் நிமிர்த்தி வைத்தார். நல்ல குளம்பில் அது முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்க வேண்டும். இங்கே நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. மேற்பகுதியின் சாய்வு 54 பாகை. கீழ்ப்பகுதியின் சாய்வு 47. குளம்பைச் சுற்றி வரி வரியாக வளையங்கள். அவை முன்புறம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தன.

மரத்தை வெட்டினால் வளையம் ஆண்டைச் சொல்லும். குதிரையை வெட்ட வேண்டியதே இல்லை. அதன் சரித்திரத்தைக் குளம்பின்மேலேயே எழுதிக்கொண்டு நடக்கிறது. நண்பர் ரோம விளிம்பிலிருந்து பெரிய வளையம் வரையில் அளந்தார்: 32 மில்லிமீட்டர். "மாதம் எட்டு, நாலு மாதம். பங்குனிக் கடைசியில் இந்தக் குதிரைக்கு என்ன வந்தது?" என்று விற்பவரைக் கேட்டார்.

அந்த மனிதரின் முகம் வெளுத்தது. காய்ச்சல் ஒன்றும் இல்லை என்றார். ஒரு நாள் தீனி எடுக்கவில்லை என்றார். பாய் அவரையே பார்த்துக்கொண்டிருக்கவே, கடைசியில் உண்மை வந்தது. பங்குனித் திருவிழா ஊர்வலத்துக்குப் போன இடத்தில் இரவு கயிறு அவிழ்ந்து, சோள மூட்டையைக் கிழித்து வயிறு முட்டத் தின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கால் ஊன்ற முடியாமல் பத்து நாள் படுத்துக் கிடந்தது. "இப்போ நல்லாத்தானுங்க நடக்குது" என்றார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. வேறு ஜீவனம் இல்லாதவர் என்பதும், குதிரையிடம் பிரியம் இல்லாதவர் அல்லர் என்பதும் தெரிந்தன.

அளவுக்கு மீறிய தானியம் குதிரைக்கு வயிற்றில் மட்டும் தீங்கு செய்வதில்லை; குளம்புக்குள் வீக்கத்தை உண்டாக்குகிறது. சுவரையும் உள்ளே தொங்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய இதழ்கள் விட்டுப்போகின்றன. எலும்பு கீழே சாய்கிறது. இந்தக் குதிரைக்குப் புதிதாக வளரும் மேற்பகுதி நேராக இறங்குகிறது. அது நல்ல அடையாளம். ஆனால் இன்றைக்கு இதை வண்டியில் பூட்டி ஓட்டினால், பிறகு எழுந்திருக்காது.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தகப்பனார் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தரகர் மட்டும், "சுழியைப் பாருங்க, சுழியை" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"பாய், நீங்களே ஒண்ணு காட்டுங்க" என்றார் விவசாயி.

மரத்துக்கு அப்பால் ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை மூன்று நாளாக விலை போகாமல் நின்றது. கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழியும் இடத்தில் ஒரு சுழி. அத்தகையது வாங்கும் வீட்டில் அழுகை ஓயாது என்பது சந்தை சாஸ்திரம். பாய் அதன் நான்கு கால்களையும் தூக்கிக் காட்டினார். நாலு விரற்கடைக்கு ஒரு நூல் கூட இல்லை. அளவுகோல் சுவரோடு ஒட்டி நின்றது. முன்கால் இரண்டும் 52, 52. முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்றுக் கூர்ந்தும் இயற்கை வகுத்தபடியே இருந்தன. அடியில், ரப்பர் போன்ற முக்கோணச் சதை அகலமாக, ஆரோக்கியமாக இருந்தது. வளையம் ஒன்றும் இல்லை. "லாடமே வேண்டாங்க, இப்படியே ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

"சுழி?" என்று கேட்டார் விவசாயி மெதுவாக.

"அது கண்ணுகிட்ட இருக்குதுங்க. ஓடறது காலு" என்றார் பாய்.

தகப்பனாரும் மகனும் தள்ளிப் போய் நின்று நெடுநேரம் பேசினார்கள். "அம்மாகிட்ட என்னன்னு சொல்றதுங்கப்பா?" என்று மகன் கேட்டது மட்டும் நம் காதில் விழுந்தது. கடைசியில் பெரியவர் திரும்பி வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தத் துணியின்மேல் பெட்டைக் குதிரையின் கயிற்றை வாங்கினார். வெள்ளைக் குதிரைக்குப் பேசிய விலையில் பாதிகூட ஆகவில்லை என்று பிறகு அறிந்தோம்.

நாம் புறப்படும் சமயம் சந்தையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். வெள்ளைக் குதிரைக்காரர் மட்டும் அந்த வேப்ப மரத்தடியிலேயே நின்றார். இனி இதற்கு வழி உண்டா என்று கேட்டார். தானியத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார் நண்பர், புல் மாத்திரம், மெத்தென்ற மண்ணில் கட்ட வேண்டும், சவாரி கூடாது, மாதம் ஒரு முறை நுனியைச் சீவ வேண்டும். எவ்வளவு காலம் என்று அவர் கேட்டதற்கு, பாய் குதிரையின் காலை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அரத்தின் ஓரத்தால் ரோமம் முடியும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, நகத்தின்மேல் குறுக்காக ஒரு மெல்லிய கோடு கீறினார்.

"இந்தக் கோடு தரையைத் தொடப் பத்து மாசம் ஆகுமுங்க. ஒரு புள்ளையைச் சுமக்கிற காலம். வர்ற வைகாசியில தொட்டிரும். அடுத்த ஆடிக்கு இங்கயே கொண்டாங்க, நான் பார்க்கிறேன்" என்றார்.

அந்த மனிதர் குனிந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குதிரையை நடத்திக்கொண்டு, வண்டிகள் போகும் கல் சாலையை விட்டு விலகி, பக்கத்து உழவு நிலத்தின் ஓரமாக மெல்ல மெல்லப் போனார்.